முதலில் கேட்டவர் என்ன சொன்னார்?

பாலியல் தாக்குதலுக்கு ஆளான பெண்ணின் மனம் தேறுவதும் தேங்கிப்போவதும் முதல் சில மணி நேரங்களில் அவள் யாரைச் சந்திக்கிறாள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

இரவு பதினொன்றரை மணி. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டி. பைக்கில் விழுந்து கால் முறிந்த ஒருவர் ஸ்ட்ரெச்சரில் அலறிக்கொண்டிருக்கிறார். சீட்டு எழுதும் இடத்தில், கண்ணாடித் தடுப்பின் சின்னத் துளைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் ஒரு பெண் சன்னமான குரலில் ஏதோ சொல்கிறாள். பக்கத்தில் அவள் தங்கை, துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி தரையைப் பார்த்து நிற்கிறாள். "சத்தமா சொல்லும்மா, கேக்கல." அக்கா சத்தமாகச் சொல்கிறாள். வரிசையில் நிற்கிற தலைகள் அத்தனையும் தங்கை பக்கம் திரும்புகின்றன. "போலீஸ் மெமோ இருக்கா? மொதல்ல ஸ்டேஷன்ல சொல்லிட்டு வாங்க. அது இல்லாம டாக்டர் பார்க்க மாட்டாங்க."

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதையல்ல. ஊர் ஊராக நடப்பதை ஒரே இரவில் கோத்துப் பார்த்தது.

இதில் சட்டம் மீறப்பட்டது ஒரு இடத்தில். மெமோ இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. டெல்லி பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் வந்த திருத்தம், அரசு, தனியார் என்று பேதமில்லாமல் எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்றது. போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் இது அப்படியே தொடர்கிறது.

"சத்தமா சொல்லும்மா" என்பதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. ஆனால், அந்தப் பெண் அடுத்த முறை வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பதை அந்த இரண்டு வார்த்தைகளே முடிவு செய்துவிடலாம்.

உறைந்துபோகும் உடம்பு

"கத்தியிருக்கலாமே? கையைக் கடிச்சிட்டு ஓடியிருக்கலாமே?" முதலில் வந்து விழும் கேள்வி பெரும்பாலும் இதுதான். அம்மா கேட்பாள், இன்ஸ்பெக்டர் கேட்பார், கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதற்கெல்லாம் முன்பாக அந்தப் பெண் தன்னைத் தானே கேட்டிருப்பாள்.

ஸ்டாக்ஹோமில் பாலியல் தாக்குதலுக்கு ஆளான பெண்களுக்கென்றே ஒரு அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர், தாக்குதலின்போது கையும் காலும் தன் சொல்லைக் கேட்காமல் விறைத்துப்போனதைச் சொன்னார்கள். அச்சம் உச்சத்துக்குப் போகும்போது நரம்பு மண்டலம் தானாகச் செய்யும் வேலை இது. கத்தலாமா வேண்டாமா என்று யோசித்து எடுக்கும் முடிவு அல்ல. அப்படி உறைந்துபோனவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது.

அதாவது, எதிர்க்க முடியாமல் போனவள்தான் அதிகம் நோகிறாள். அவளிடம்தான் நாம் "ஏன் எதிர்க்கல?" என்று கேட்கிறோம்.

இந்திய நீதிமன்றமே ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருக்கிறது. 1972-ல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலைய வளாகத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி இரண்டு போலீஸ்காரர்களின் வன்முறைக்கு ஆளானாள். 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, அதனால் எதிர்ப்பும் இல்லை என்பது வாதம். உபேந்திர பக்ஷி உட்பட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் நாடெங்கும் போராட்டத்தைக் கிளப்பியது. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் ஏறியதோ 2013-ல்தான். வீட்டுக் கூடத்துக்குள் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அழாதவள் பொய் சொல்கிறாளா?

1972-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஒரு ஏற்பாடு நடந்தது. மனநலச் செவிலியர் ஆன் பர்கெஸ், சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் இருவரும் அவசரப் பிரிவில் சொல்லிவைத்தார்கள்: பாலியல் தாக்குதலுக்கு ஆளான யார் வந்தாலும், எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டார்கள், இவர்களும் போனார்கள். ஓராண்டில் சந்தித்தவர்கள் 146 பேர். அவர்களில் வன்புணர்வுக்கு ஆளான 92 வயதுவந்த பெண்களைப் பற்றி 1974-ல் எழுதிய கட்டுரை, இந்தத் துறைக்கே அஸ்திவாரமானது.

அதில் ஒரு கண்டுபிடிப்பை இன்றும் ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் எழுதிவைக்கலாம். வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அழுதார்கள், நடுங்கினார்கள், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மீதிப்பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அமைதியாக இருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு என்று அர்த்தமில்லை. அதிர்ச்சி உள்ளே அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாருங்க சார்" என்பது சந்தேகத்துக்கான ஆதாரம். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது இன்னொரு ஆதாரம். பயத்தில் இருக்கும் மூளை நிகழ்ச்சியை வரிசைப்படி பதிவு செய்வதில்லை. சட்டைப் பொத்தானின் நிறம் நினைவிருக்கும், மணி எத்தனை என்பது இருக்காது. ஒரு வாசனை அப்படியே தங்கிவிடும், எந்த வழியாக வந்தோம் என்பது அழிந்துபோயிருக்கும். முதல் நாள் ஒரு மாதிரியும் நாலாவது நாள் கூடுதலாகவும் சொல்வது இயல்பு. ஸ்டேஷன் ரைட்டருக்கு இது தெரியாவிட்டால், எஃப்.ஐ.ஆரின் முதல் வரியிலேயே வழக்கு நொண்டத் தொடங்கும்.

கவுன்சலிங் என்றால் கிளறுவது அல்ல

முதல்கட்ட மனநல ஆதரவு என்றதும், ஒரு அறையில் உட்காரவைத்து "எல்லாத்தையும் கொட்டிடும்மா, மனசு லேசாகும்" என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால், நடந்ததை உடனே முழுசாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வு முறையை உலகம் முழுக்கப் பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. பலன் இல்லை, சிலருக்குப் பாதகம்கூட. வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கம் வரவில்லை என்று முதல் மாதத்திலேயே டயஸெபாம் வகை மாத்திரைகளை எழுதித் தருவதையும் அது ஆதரிக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் கைக்கு மிகச் சுலபமாக வருவது அந்த மாத்திரைதான்.

அப்படியானால் என்னதான் செய்வது? பயிற்சி பெற்ற செவிலியரோ சமூகப் பணியாளரோ செய்ய வேண்டியதாக அந்த நிறுவனத்தின் 2014 கையேடு சொல்வது, கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். கவனித்துக் கேள், இப்போது என்ன வேண்டும் என்று விசாரி, நம்புகிறேன், உன்மீது தப்பில்லை என்று வாயைத் திறந்து சொல், பாதுகாப்பாகப் போக இடம் இருக்கிறதா என்று பார், அடுத்த உதவியோடு கோத்துவிடு. அவ்வளவே.

சாதாரணமாகத் தெரிவதைச் செய்வதுதான் கஷ்டம். கதவு உள்ள ஒரு அறை வேண்டும். நாற்காலியை அவளுக்கு நேரெதிரே போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போட வேண்டும். அறைக்குள் அம்மா இருக்கட்டுமா, வெளியே போகட்டுமா என்று அவளைக் கேட்க வேண்டும். அம்மாவைக் கேட்கக் கூடாது. அவள் பேசாவிட்டால் பேசாமலே உட்கார்ந்திருக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால், அது ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையாகவே இருந்தாலும், "கையைக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். சில மணி நேரத்துக்கு முன்பு அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்காமல் பறிக்கப்பட்டது. காபியா டீயா என்பதில் தொடங்கி, சின்னச் சின்ன முடிவுகளாக அதை அவளிடம் திருப்பிக் கொடுக்கும் வேலை இது.

எல்லோருக்கும் மனநல மருத்துவர் தேவைப்படாது. பார்பரா ராத்பாம் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், சம்பவம் நடந்து இரண்டு வாரத்துக்குள் 94 சதவீதப் பெண்களுக்குக் கடும் அறிகுறிகள் இருந்தன: கெட்ட கனவு, திடுக்கிடல், நடந்தது கண்முன் மீண்டும் ஓடுவது. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. பாதிப்பேர் தேறிவிடுகிறார்கள், பாதிப்பேர் சிக்கிக்கொள்கிறார்கள். யார் எந்தப் பாதி என்பதை முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் நாளில் கைபிடித்தவர், முதல் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் தொடர்பில் இருக்க வேண்டும் என்கிறார்கள். சிக்கிக்கொண்டவர்களுக்கு, அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற நல்ல வழிகள் இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: உங்களிடம் வந்து சொன்னால்

"நீ சொல்றதை நம்புறேன்." "இது உன் தப்பு இல்ல." இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள், கேள்விகள் பிறகு.

"தலைக்கு ஊத்திக்கிட்டு வா" என்று அனுப்பாதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்கவோ எரிக்கவோ வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய துணியைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துத் தடயம் கெடும். ஏற்கெனவே குளித்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போகலாம். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

அவள் கேட்காமல் இன்னொரு உறவினரிடம் சொல்லாதீர்கள். "அவனை வெட்டிட்டு வரேன்" என்று கிளம்பாதீர்கள்; அதன்பிறகு உங்களைச் சமாதானப்படுத்துவது அவள் வேலையாகிவிடும்.

சாவதைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் 14416-ல் தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. உடனடி ஆபத்தென்றால் 112.

72 மணி நேரத்துக்குள்

மனசு வேறு, உடம்பு வேறு என்று இங்கே பிரிக்க முடியாது. ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாள் வரைதான் அதற்கு வாய்ப்பு. "கர்ப்பமாயிட்டா?" என்ற ஒரே பயத்தில் மூன்று வாரம் தூங்காமல் கிடப்பவளுக்கு, அந்த ஒரு மாத்திரை பாதி கவுன்சலிங்குக்குச் சமம்.

28 நாள் மாத்திரை வயிற்றைப் புரட்டும். யாராவது போன் செய்து "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்காவிட்டால் பத்தாவது நாளில் நின்றுபோகும்.

இதையெல்லாம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி நெறிமுறைகள் விரிவாகச் சொல்கின்றன. மனநல ஆதரவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்கின்றன. வயதுவந்த பெண் போலீஸ் புகார் வேண்டாம் என்றாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அவள் மறுப்பைப் பதிவு செய்துகொண்டு தொடர வேண்டும். (18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும்.) பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' கூடாது என்றும் அதே நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனாலும் அது நிற்காததால், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் நடத்தை விதிகளை மீறியவராவார் என்றது உச்ச நீதிமன்றம். பரிசோதனை மேசையிலேயே இன்னொரு தாக்குதலைச் சந்தித்தவளிடம், பக்கத்து அறையில் கவுன்சலர் எவ்வளவு கனிவாகப் பேசி என்ன ஆகப்போகிறது?

வீட்டின் பயம்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) ஒரு கணக்கு சொல்கிறது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஏன் என்று யோசித்தால் 'மானம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஒரு கல்லூரி மாணவியின் கணக்கு அதைவிட நடைமுறை சார்ந்தது. சொன்னால் முதலில் போன் போகும். பிறகு ஹாஸ்டல் போகும். படிப்பு நிற்கும். வெளியூர்ச் சித்தி வீட்டில் கொஞ்ச நாள். அப்புறம் அவசரமாக ஒரு வரன். தாக்கியவனுக்கு என்ன ஆகும் என்பது நிச்சயமில்லை; தனக்கு என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கூடவே கோயிலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள், வாரக்கணக்கில் யாரோடும் பேசவிட மாட்டார்கள். தாக்கியவன் மாமாவோ டியூஷன் வாத்தியாரோ என்றால் பஞ்சாயத்துப் பேச்சும் நடக்கும். கணவனே என்றால், அது குற்றமென்றே தண்டனைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. ஆனால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உதவி கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

சமரசப் பேச்சு நீதிமன்றப் படியேறியதும் உண்டு. 2015-ல் ஒரு வன்புணர்வு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சமரச மையத்துக்கு அனுப்பினார். அடுத்த சில நாட்களில், வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே ஆதரவு அவளுக்கு மட்டும் போதாது. அப்பாவையும் அம்மாவையும் தனியே உட்காரவைத்து அரை மணி நேரம் பேச வேண்டும். அவர்களும் அதிர்ச்சியில்தான் இருக்கிறார்கள். அந்த அதிர்ச்சி கோபமாக மாறி அவள்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது, ஒரு நல்ல கவுன்சலர் செய்யும் மிகப் பெரிய உதவி. படிப்பை நிறுத்த வேண்டாம் என்று அந்த அரை மணியில் பேசிச் சம்மதிக்கவைத்துவிட்டால், பல மாத சிகிச்சைக்கு அது ஈடு.

பெயர் கசிந்த நாள்

பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு 2019-ல் வெடித்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைச் செய்தியாளர்களிடம் வெளியிட்டவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே. அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி தாக்கப்பட்ட வழக்கில், அவர் விவரங்களுடன் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. மீண்டும் உயர் நீதிமன்றம், மீண்டும் 25 லட்சம்.

அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கும் நாட்டில் இது. கசிந்தது ஒரு பெயர் மட்டுமல்ல. அன்றைக்கு டி.வி. பார்த்துக்கொண்டிருந்த, இதுவரை யாரிடமும் சொல்லாத எத்தனையோ பெண்களுக்கு அது ஒரு சேதியும்கூட: வாயைத் திறக்காதே.

மையம் இருக்கிறது

2015 ஏப்ரலில் மத்திய அரசு நிர்பயா நிதியில் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 'சகி' என்ற பெயரில் தமிழக மாவட்டங்களிலும் இயங்குகின்றன. மருத்துவம், போலீஸ், சட்டம், ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்குமிடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி தர 2022 மார்ச்சில் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்துடன் சேர்ந்து 'ஸ்திரீ மனோரக்ஷா' தொடங்கப்பட்டது.

என் கருத்தில், மையம் எங்கே இருக்கிறது என்பதே பாதி வெற்றி. மும்பையில் சேஹத் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-ல் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் தொடங்கிய 'திலாசா' மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கும் ஒரு துறை. கேரளத்தின் 'பூமிகா' மையங்களும் அப்படியே. அங்கே போகிற பெண்ணைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. காய்ச்சலுக்கு வந்தவளும் அதே வாசல்தான். செவிலியர் சந்தேகப்பட்டால் பத்து அடி நடந்து கூட்டிப்போய் விடலாம். தனிப் பலகை மாட்டிய தனிக் கட்டடத்துக்கு, இரவு பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போ என்றால் யார் போவார்கள்?

சம்மன் வரும் நாள்

அம்மாவிடம் ஒருமுறை, ரைட்டரிடம் ஒருமுறை, இன்ஸ்பெக்டரிடம், டாக்டரிடம், மாஜிஸ்ட்ரேட்டிடம், கடைசியில் கூண்டில், அதன்பின் குறுக்கு விசாரணையில். ஒரே சம்பவத்தை ஒரு பெண் இத்தனை முறை சொல்கிறாள். நடுவே வருடங்கள் ஓடிவிடும். திருமணமாகி வேறு ஊர் போயிருப்பாள். சம்மனோடு ஒரு கான்ஸ்டபிள் மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அடங்கியிருந்த கனவுகள் அந்த வாரமே திரும்ப வரும். முதல்கட்ட ஆதரவை முதல் மாதத்தோடு முடித்துக்கொண்டால், இந்த வாரத்துக்கு ஆள் இல்லை.

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ல் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு இழுத்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. பிறழ் சாட்சிகளால் கவிழ்ந்த வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, தண்டனையைவிட இதுதான் பெரிய செய்தி.

இப்படிக் கடைசிவரை நிற்கத் துணை வேண்டும். டெல்லி வீட்டுப் பணிப்பெண்கள் மன்றம் தொடுத்த வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: பாதிக்கப்பட்டவருக்கு ஸ்டேஷனிலிருந்தே வழக்கறிஞர் உதவி வேண்டும், மனநல ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவதும் அந்த வழக்கறிஞரின் கடமை. இன்றைக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இழப்பீட்டு மனு எழுதும்போது (வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை என்பது 2018 திட்டத்தின் கணக்கு), வழக்கு முடியும்வரை ஒரே ஆலோசகர் தொடர வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவில் வழக்கறிஞர்கள் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை.